சப்ரினின் ஆறு மணிச் செய்தி

மகாதேவிக்கு வயிற்றெரிச்சல். அதற்கு வேறு நல்ல பெயர் வைத்து மூடி மறைப்பானேன்? மலைமேல் செண்பகனூரில் காய்கறி விவசாயிகளுக்காக நடக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான்கு வருடமாகக் கம்ப்யூட்டரோடு மாரடிப்பவள் அவள். சப்ரின் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வந்தவள், தோட்டங்களில் நட்டுவைத்த வெப்பமானிகளின் அளவையும் வானிலைத் தகவலையும் ஒன்றாகச் சேர்த்து, தினமும் மாலை ஆறு மணிக்குத் கம்ப்யூட்டரில் தானாக ஓடும் ஒரு வேலையை எழுதிவைத்தாள். இன்று ராத்திரி உறைபனி உண்டா இல்லையா என்று எல்லார் செல்போனுக்கும் செய்தி போய்விடும். அவ்வளவுதான், மலையே அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. மேனேஜர் குருநாதன்கூட மகாதேவியிடமே, "எதுக்கும் சப்ரின்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கம்மா" என்றார்.

அன்று பகல் முழுக்க மூட்டம். மூட்டம் இருந்தால் பனி விழாது. ஒரு நாள் செய்தி போகாவிட்டால் யார் குடி முழுகிவிடும்? விவசாயிகள் போன் போட்டுச் சத்தம் போடுவார்கள், சப்ரினுக்கு நாலு வசவு விழும், காது குளிரக் கேட்கலாம். நாலரை மணிக்குச் சப்ரின் பழனி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மகாதேவி கம்ப்யூட்டர் திரையில் அந்த வேலைக்கு எதிரே இருந்த பொத்தானைத் தட்டி நிறுத்திவைத்தாள்.

ஆறேகாலுக்கு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காற்று நின்றுபோய் மூக்கு நுனி சுரீரென்றது. ஐயோ, பனி விழப்போகிறதே! பள்ளங்கி கிராமத்தில் பீன்ஸ் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. விடியுமுன் தண்ணீர் தெளிக்காவிட்டால் அத்தனையும் கருகிவிடும்.

ஓடிப்போய்ப் பொத்தானை மறுபடி போட்டாள். வேலை உயிர் பெற்றது, செய்தி மட்டும் போகவில்லை. அடுத்த ஓட்டம் நாளை மாலை ஆறு மணி என்று காட்டியது. தப்பிப்போன வேளையை அது திரும்பிப் பார்க்காது. இப்போதே ஓட்டவேண்டுமென்றால் சப்ரினின் கடவுச்சொல் வேண்டும். சப்ரினோ டவர் கிடைக்காத மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தாள்.

செய்தி போகவேண்டிய விவசாயிகள் பட்டியலில் நாற்பத்தொரு பேர். முதலில் பள்ளங்கி சின்னக்கருப்பனைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, கம்பெனியில இருந்து மகாதேவி பேசுறேன். இன்னைக்குப் பனி விழும். வெள்ளனே மோட்டாரப் போட்டுருங்க."

"பகலெல்லாம் மூட்டமால்ல கெடந்துச்சு? மெசேஜும் வரல. சப்ரின் பாப்பா சொல்லுச்சா?"

"நான்தாண்ணே சொல்றேன். நாலு வருசமா இந்தச் சோலிதான் பாக்குறேன்."

"அதுக்கில்ல தாயி. கெணத்துல தண்ணி கொஞ்சமாத்தான் கெடக்கு. அந்தப் பிள்ள சொன்னா எறைப்பேன். கண்டவுக சொல்லுக்கெல்லாம் கெணத்த வத்தவைக்க முடியுமா?"

கண்டவுக! மகாதேவிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போனை வைத்துவிடலாமா என்றுகூட இருந்தது. பீன்ஸ் கருகிப்போனால் அந்தப் பாவம் யார் தலையில்?

"சப்ரின்தாண்ணே சொல்லச் சொன்னா," என்றாள்.

"அப்படிச் சொல்லு! மகராசி, நல்லா இருக்கணும். வெரசா போயி மோட்டாருக்குத் தண்ணி ஓஸப் பூட்டுறேன்."

மகாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணைப் போட்டாள். அன்னக்கொடி எடுத்து, "யாரு?" என்றாள்.

"சப்ரின் பேசுறேங்க்கா," என்றாள் மகாதேவி.