கிளவுடா, செக்யூரிட்டியா, நெட்வொர்க்கா

கம்ப்யூட்டர் சயின்ஸில் பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகியும் கார்குழலிக்கு வேலை கிடைக்கவில்லை. ஏதாவது சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். எந்தச் சர்டிபிகேட் என்பதில் திருவொற்றியூர்க் குப்பமே இரண்டுபட்டது. கிளவுட் என்றால் என்னவென்றே தெரியாத பெரியப்பா கிளவுடுக்குக் கொடி பிடித்தார். படகுக்கு ஐஸ் ஏற்றும் செல்வம், "செக்யூரிட்டி படிம்மா. பேங்க் வாசல்ல குந்திக்கினே சம்பளம்" என்றான்.

பயிற்சி மையத்துக்குப் போனாள். டை கட்டிய ஆலோசகர் வல்லரசு, "கிளவுட், செக்யூரிட்டி, நெட்வொர்க், மூணையும் எடுத்துடுங்க மேடம்" என்றான்.

"மூணும் முடிச்சா வேலை நிச்சயமா சார்?"

"அதுக்கு நாலாவதா ஒண்ணு கீது."

எழுந்து வந்துவிட்டாள். வேலை விளம்பரங்களைத் தேடிப் படித்தாள். சுற்றுவட்டாரத்தில் கேட்டதெல்லாம் நெட்வொர்க் அடிப்படைதான். யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே படித்து, தேர்வு எழுதித் தேறினாள்.

மாதவரத்தில் ஒரு கன்டெய்னர் கம்பெனி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அங்கே வரிசையில் வல்லரசு. மடியில் தடித்த ஃபைல்.

"நீங்க இங்க இன்னா சார்?"

"ஏழு சர்டிபிகேட் வச்சிகினு சென்டருக்கு ஆள் புடிச்சிகினு கீறேன். பேஜாரும்மா."

இருவரையும் ஒன்றாகவே உள்ளே அழைத்தார்கள். மேனேஜர் வல்லரசின் ஃபைலைத் தூக்கி, கனத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கார்குழலியின் சர்டிபிகேட்டைத் தொடவே இல்லை.

"மாத்தூர், எண்ணூர்னு எங்களுக்கு நாலஞ்சு கன்டெய்னர் யார்டு. பிரிண்டர் நின்னா ஓடணும். டூவீலர் ஓட்டுவீங்களா?"

வல்லரசு டையைச் சரிசெய்தான். "கத்துக்குவேன் சார்."

"லைசென்ஸே இருக்கு சார்" என்றாள் கார்குழலி.

"திங்கக்கிழமை வந்துடும்மா."

சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அவளுக்கு முந்திக்கொண்டு வந்தது. "அப்ப நான் படிச்சது இன்னாத்துக்கு சார்?"

"அது இல்லன்னா உன்னக் கூப்பிட்டே இருக்க மாட்டோமேம்மா" என்றார் அவர், மிக நியாயமாக.

திங்கட்கிழமை டிரெய்லர்களுக்கு நடுவே புழுதி குடித்துக்கொண்டு எண்ணூர் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்திருந்தது. எடுத்து வைத்தாள்.

யார்டு குமாஸ்தா உடனே மேனேஜருக்கு போன் போட்டார். "இன்ஜினியர் மேடம் வந்து சரி பண்ணிட்டாங்க சார்."

கார்குழலி மறுக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அடுத்த யார்டுக்குக் கிளம்பினாள்.