ரம்லா அக்காவின் கஞ்சித்தூக்கு

மாடிச் சன்னல்ல காயப்போட்ட என் பாவாடைய நேத்து ஒரு வெள்ளக்காரன் போட்டோ புடிச்சிக்கிட்டு நிக்கிறான். பழைய சன்னலாம், அழகாம். அவ்வளவு அழகா இருந்தா வந்து துவைச்சுக் குடுடான்னு தமிழ்லயே சொன்னேன். அவனும் சிரிச்சுக்கிட்டே தேங்க்யூ சொல்லிட்டுப் போனான். மலாக்கா டவுனுல, நம்ம கோயிலும் பள்ளிவாசலும் சீனக்கோயிலும் ஒரே வரிசையா இருக்கிற தெருவுல குடியிருந்தா இந்தக் கூத்தெல்லாம் பாத்துத்தான் ஆகணும்.

நான் ரெம்பியா பக்கம் எஸ்டேட்டுல பொறந்தவ. அங்க உப்பு வாங்கணும்னாலும் லோரிக்குக் காத்துக் கெடக்கணும். கட்டிக்கிட்டு இங்க வந்தப்ப எனக்கு ஒரே ஆச்சரியம். கடைங்களுக்கு முன்னால கூரை போட்ட நடை இருக்கு பாருங்க, அதை நாங்க அஞ்சடின்னு சொல்லுவோம். அதுல எறங்கி நாலு எட்டு வச்சா மீனு, பூவு, டாக்டரு, சாமி எல்லாம் வந்துரும். மழைக்குக் கொடைகூட வேணாம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு கீழ இருக்கிற மளிகைக்கடைய நான்தான் பாத்துக்கிறேன். என் வாயில சனி உக்காந்திருக்குன்னு என் மாமியார் சொல்லும். இருக்கட்டும், சனியில்லாம கடை நடத்த முடியுமா லா?

பக்கத்து வீடு அபூபக்கர் அண்ணனும் ரம்லா அக்காவும். அண்ணன் துணிக்கடை வச்சிருந்தவரு, வெள்ளத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, குனிஞ்சு பேசத் தெரியாத மனுசன். அக்கா அதுக்கு நேர்மாறு. நோன்பு மாசம் வந்துட்டா சாயங்கால அசர் தொழுகை முடிஞ்ச கையோட கஞ்சி காச்சி, தூக்குச்சட்டி தூக்குச்சட்டியா ஊத்திக்கிட்டு அஞ்சடியிலயே நடந்து வீடு வீடாக் குடுக்கும். எனக்கு ஒண்ணு, ஊதுபத்திக்கார ஆ சுவானுக்கு ஒண்ணு, மூலை வீட்டுல மலாய் பேசுற சீனக் குடும்பத்து நியோன்யா கிழவிக்கு ஒண்ணு, தையல்காரர் புவனேந்திரனுக்கு ஒண்ணு. சட்டிய யாரும் வெறுஞ்சட்டியாத் திருப்ப மாட்டோம். அப்படித் திருப்பினா ஆகாது. கொஞ்சம் சீனியோ ரெண்டு பழமோ போட்டுத்தான் குடுப்போம். ஆ சுவான் சீனருதான், அவரும் ஆரஞ்சுப் பழம் போட்டுக் குடுப்பாரு.

அப்புறம் ஒவ்வொருத்தராக் கெளம்பினாங்க. நியோன்யா கிழவி செத்துப்போச்சு, ஆ சுவானை மகன் ஜோகூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான், புவனேந்திரனும் ஊருக்கு வெளிய தாமான்ல, புதுக் குடியிருப்புல, வீடு வாங்கிப் போயிட்டாரு. அந்த வீடெல்லாம் இப்ப நம்பர் அமுக்கித் தொறக்கிற ஹோம்ஸ்தே. வர்றவன் ரெண்டு நாள் இருப்பான், பொட்டியை உருட்டிக்கிட்டுப் போயிருவான். பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது.

அக்காவுக்கும் அந்த நேரத்துலதான் ஞாபகம் தப்ப ஆரம்பிச்சுது. எது மறந்தாலும் கஞ்சி மறக்கல. எல்லா மாசமும் அதுக்கு நோன்பு மாசம்தான். தினமும் காச்சும். அண்ணன் அடுப்பு பக்கத்துலயே நிப்பாரு. அப்புறம் அக்கா தூக்குச்சட்டிங்கள எடுத்துக்கிட்டு நடக்கும். ஆள் இல்லாத வீட்டு வாசல்ல நின்னு, "ஆ சுவான், கஞ்சி"ன்னு குரல் குடுத்து, கதவோரமா வச்சுட்டு வந்துரும். அவங்கல்லாம் இங்க இல்லன்னு சொல்லிப் பாருங்க அண்ணான்னு நானும் சொன்னேன். அவரு காதுலயே போட்டுக்கல. என் கடையில மட்டும் சீனி வாங்கிக்கிட்டே இருப்பாரு. சக்கரை வியாதிக்காரருக்கு எதுக்கு இவ்வளவு சீனி, சாகப் போறீங்களான்னு ஒரு நாள் கேட்டே கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு.

ஒரு நாள் சாயங்காலம் சந்துல குப்பை கொட்டப் போனேன். அந்த மனுசன், இஸ்திரி போட்ட சட்டையோட, குப்பைத் தொட்டிக்குள்ள தலையை விட்டுத் தேடிக்கிட்டு நிக்கிறாரு. என்னண்ணா இதுன்னு கேட்டேன். ஹோம்ஸ்தே கூட்டுற பொண்ணு ஏதோ கெட்டுப்போன சாமானுன்னு தூக்குச்சட்டியத் தூக்கிப் போட்டுருச்சாம். அப்பத்தான் எனக்கு விசயமே தெரிஞ்சுது. அக்கா வச்சுட்டு வந்த சட்டிங்களத் தினமும் இவருதான் பின்னால போய் எடுக்கிறாரு. கஞ்சியக் குடிக்க ஆளிருந்தா குடுத்துட்டு, சட்டியக் கழுவி, சீனியோ பழமோ போட்டு, நியோன்யா குடுத்துச்சு, ஆ சுவான் குடுத்தாருன்னு சொல்லி அக்கா கையில குடுக்கிறாரு.

இதெல்லாம் தேவையா அண்ணான்னு கத்திட்டேன். அழுகை வந்தாலும் எனக்குக் கத்தத்தான் தெரியும். அவரு சட்டியத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு:

"சட்டி திரும்பலன்னா தெருவே தன்மேல கோவமா இருக்குன்னு அவ நினைச்சுக்குவா தங்கச்சி. இந்தத் தெருவ விட்டா அவளுக்கு வேற என்ன இருக்கு?"

அன்னையிலிருந்து நான் சீனிக்குக் காசு வாங்கல.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுட்டு வந்து படுத்த அண்ணன் எந்திரிக்கவே இல்ல. வேன் எதுக்கு, பள்ளிவாசல் இதோ இருக்கு. மய்யத்தைச் சந்தூக்குப் பெட்டியில வச்சுத் தோள்ல தூக்கி, தெருவோட நடந்தே கொண்டு போனாங்க. அதையும் நாலு பேரு போன்ல படம் புடிச்சானுங்க. அன்னைக்கு நான் திட்டின திட்டு, எந்தச் சாமியும் மன்னிக்காது.

புருசன் செத்தா அவங்க வழக்கத்துல நாலு மாசத்துக்கு மேல இத்தா இருக்கணும். வாசப்படி தாண்டக்கூடாது. அக்காவுக்குப் புருசன் செத்ததே மனசுல நிக்கல, இத்தா எங்க நிக்கும்? கஞ்சியோட கெளம்பும், சொந்தக்காரப் பொம்பளைங்க கதவைச் சாத்துவாங்க. நீயாவது கொண்டுபோய்க் குடுத்துட்டு வாயேன் அனுசியான்னு சட்டிங்கள என் கையில குடுக்கும். வாங்கிக்கிட்டு என் வீட்டுக்கு வருவேன். கழுவி, சீனி போட்டு, பழம் போட்டு, திருப்பிக் கொண்டுபோய்க் குடுப்பேன். நியோன்யா நல்லா இருக்கான்னு கேக்கும். கால் வலியாம்க்கா, மத்தபடி நல்லா இருக்குன்னு சொல்லுவேன். செத்து அஞ்சாறு வருசமான கிழவிக்குக் கால் வலி.

அக்கா இருந்த வீட்டுச் சொந்தக்காரன் வீட்டைத் திருப்பிக் கேட்டான். அதுவும் ஹோம்ஸ்தேதான், வேறென்ன. அக்கா மகன் நயீம் மஸ்ஜித் தானாங்கிற ஊர்ல இருக்கான். நல்ல பிள்ளை, குத்தம் சொல்ல முடியாது. அக்காவ நான் வச்சுக்கிறேன்டான்னு கேட்டேன். மகன் இருக்க அம்மாவ அடுத்த வீட்டுல விட்டா ஊர் என்ன சொல்லும் ஆன்ட்டின்னு அழுதான். இத்தா முடியிற வரைக்கும் காத்திருந்தான். இத்தா முடிஞ்சு வாசப்படி தாண்டின அக்கா மொத நடை நடந்தது மகன் ஓட்டி வந்த காடியில ஏறத்தான். சாயங்காலம் வந்துருவேன், கஞ்சிக்கு அரிசி ஊற வைன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போச்சு.

ஒரு சட்டி எங்கிட்டயே நின்னுபோச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அதுல சீனி போட்டு, மேல நாலு பிசாங் மாஸ் வாழைப்பழம் வச்சுக்கிட்டு பஸ் ஏறினேன். நயீம் வீடு தாமானுக்குள்ள. வரிசை வரிசையா ஒரே மாதிரி வீடு, ஒவ்வொண்ணுக்கும் இரும்பு கேட், வெளிய ஒரு குஞ்சு குருமான் இல்ல. நடக்க அஞ்சடி இல்ல, வெயில்தான் இருக்கு. அக்கா ஹால்ல டீவிக்கு முன்னால உக்காந்திருந்துச்சு. இளைச்சு, எலும்பாப் போயி. சரியாப் பசியாறுறதில்ல, பேசுறதில்ல, அடுப்பு பக்கம் விடவும் பயமா இருக்குன்னு மருமக இஷ்ரத் மெதுவாச் சொன்னா.

என்னை அக்காவுக்குத் தெரியல. சட்டிய நீட்டினேன். ரெண்டு கையாலயும் வாங்கி, மூடியத் தொறந்து பாத்துச்சு. சீனியப் பாத்ததும் அந்த மூஞ்சி இருக்கே, அப்படி ஒரு வெளிச்சம். வெறுஞ்சட்டியாத் தரல பாரும்மான்னு இஷ்ரத்கிட்ட காட்டிச்சு. அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு:

"நீ எந்த வீடும்மா? நாளைக்கி நான் கஞ்சி கொண்டாறேன். நடந்து வர்ற தூரந்தானே?"

முப்பது கிலோமீட்டர்னா சொல்லுவேன்? அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது?

"நடந்து வர்ற தூரந்தான்க்கா. பக்கத்துலதான்"னேன்.

சந்தோசமா இருந்துச்சு அதுக்கு. எனக்கும்தான். பஸ்ஸுல வர்றப்ப ஏதோ பெரிய புண்ணியம் பண்ணின மாதிரி உக்காந்திருந்தேன்.

போன வாரம் நயீம் போன் பண்ணினான். அம்மா இப்ப எந்திரிச்சு நடக்குதாம், சாப்பிடவும் செய்யுதாம். நல்லதுதானேப்பான்னேன். நல்லது எங்க ஆன்ட்டின்னான். தினமும் அசருக்கு அப்புறம் அரிசி டின்னுல இருந்து வேகாத அரிசிய அள்ளிச் சட்டியில போட்டுக்கிட்டு வாசல் கேட் கிட்ட போய் நிக்குதாம். தொறக்கச் சொல்லி ஆட்டுதாம். கைப்புடிச்சு உள்ள கூப்பிட்டா தள்ளிவிடுதாம். இருட்டுற வரைக்கும் அங்கயே நின்னு அழுவுதாம்.

"எந்த வீட்டுக்கும்மா போறீங்கன்னு கேட்டா அது தெரியல ஆன்ட்டி. என் பேருகூடத் தெரியல. நடந்து போற தூரந்தான், பக்கத்துலதான்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. யாரு ஆன்ட்டி அம்மாகிட்ட அப்படிச் சொன்னது?"

நான்தான்பான்னேன்.