இலையா, ஸ்பிரிட்டா

கண்ணாடித் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள் குட்டி. தட்டு முழுக்கக் கிருமி பாலாடைபோல் படர்ந்திருந்தது. உள்ளே வைத்த இரண்டு தாள் வில்லைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் கிருமி செத்து, தெளிந்த வளையம் விழுந்திருந்தது. அது இலைச்சாறு தொட்ட வில்லை அல்ல. வெறும் ஸ்பிரிட் தொட்டது.

குட்டி ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை கடைசி வருடம். வீட்டில் கூப்பிடும் பெயரே ஆய்வகத்திலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வளாகத்துச் சிற்றாலயத்துக்குப் பின்னால் மண்டிக்கிடந்த களைச்செடியின் இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் கிருமியை அது கொல்கிறது என்று போன பருவத்தில் காட்டியிருந்தாள். "டிகிரி படிக்கிற பிள்ளைங்களுக்கு ஆராய்ச்சி எதுக்கு, கண்ணாடிச் சாமானை உடைக்கவா?" என்று கேட்டுக்கொண்டிருந்த நிர்வாகக் குழு அத்தோடு வாயை மூடிக்கொண்டது. போதகர் அந்தச் சிற்றாலயத்தின் ஞாயிறு ஆராதனையில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "நம்ம பிள்ளை மூலமா கர்த்தர் ஒரு மருந்தைக் காட்டியிருக்கார்" என்றார். முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்று இலை வில்லையை ஈரத்தோடு வைத்தவள், ஒப்பிட வைத்த ஸ்பிரிட் வில்லையை மட்டும் காயவிட்டு, ஸ்பிரிட்டை ஆவியாகப் போகவிட்டிருக்கிறாள். இன்று இலை வில்லையைக் காயவிட்டு, ஸ்பிரிட் வில்லையை ஈரத்தோடு வைத்துப் பார்த்ததில் குட்டு உடைந்தது. கொன்றது ஸ்பிரிட். இலை எதையும் கொல்லவில்லை.

அவளுக்கு உடனே நினைவு வந்தது அப்பாவின் கால். வேன் ஓட்டுகிறவர், சர்க்கரைக்காரர். கால் விரலில் புண். அந்த இலையைத் தண்ணீர் விட்டு அரைத்துக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே, "டாக்டரே வீட்டுல இருக்கா" என்பார்.

போனை எடுத்தது அம்மா. "இப்பதான் கட்டு மாத்தினேன். லேசா நாத்தம் வருது. மருந்து கெட்டதை வெளியே இழுக்குதாம்."

குட்டி ஓட்டமும் நடையுமாக வீடு போய்ச் சேர்ந்தாள். கட்டைப் பிரித்தாள். விரல் கறுத்திருந்தது.

"அப்பா, இது மருந்தே இல்ல. நான் தப்பா செஞ்சுட்டேன்."

"போதகரே சொன்னாரேம்மா."

"நான் சொன்னதைத்தான் அவர் சொன்னார். நான் சொன்னதே தப்பு."

அப்பா கட்டுத் துணியைத் தள்ளி வைத்தார். "ஊரெல்லாம் சொல்லிட்டேனே" என்றார். "கோயில்ல எத்தனையோ பேர் பறிச்சிட்டுப் போனாங்க. யார் யார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தங்குமா என்பதற்கு டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. அவள் கிட்டே வந்தாலே அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

திட்டு விழும் என்று தயாராகத்தான், ஆய்வை மேற்பார்த்த பேராசிரியை முன் தட்டை வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வில்லை காஞ்சுதான்னு நான் கேட்டிருக்கணும். கேட்கலை. ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டவ நான்." தட்டை ஓரமாக நகர்த்தி, "இது வெளியே தெரிஞ்சா லேபை மூடிடுவாங்க, குட்டி" என்றார்.

"தெரியும் மேடம். ஆனா இன்னும் யாரோ அதைக் கட்டிக்கிட்டு இருக்காங்க."

அவர் தடுக்கவில்லை. ஞாயிறன்று குட்டியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

குட்டி மைக்கைப் பிடித்தாள். இலை மருந்தல்ல, தவறு தன்னுடையது என்று சொல்லி முடித்தாள். முன்வரிசையில் நிர்வாகக் குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரர் முதுகுப் புண்ணுல கட்டியிருக்கிறதை எடுத்துடணுமா?"

"இப்பவே எடுக்கணும்கா. ஆஸ்பத்திரிக்குப் போகணும். நானும் வரேன்."

ஆராதனை முடியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். அந்த மாதமே இளங்கலைப் பிள்ளைகளின் ஆய்வகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். போதகர் ஒருவர்தான் பூட்ட வேண்டாம் என்று குழுவோடு மல்லுக்கு நின்றார், எடுபடவில்லை. அப்பாவின் பாதத்தையும் அடுத்த மாதம் எடுக்கவேண்டி வந்தது. ஆபரேஷனுக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போட அவர் குட்டியைத்தான் கூப்பிட்டார்.