வீட்டுக்கு மேல் ஒரு சுற்று

விமானச் சத்தம் கேட்டதும் என் அக்கா இங்ரித் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே போகக்கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

அலாஸ்காவில் எங்கள் ஆற்றங்கரைப் பக்கம் எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம். தன் சின்ன விமானத்தில் ஊருக்குப் போன புருஷன் திரும்பி வந்ததும் கூரையை உரசுகிற மாதிரி ஒரு சுற்று சுற்றுவான். காப்பி போடு, வண்டியை எடுத்துக்கொண்டு விமானம் இறங்குகிற ஆற்று மணல்திட்டுக்கு வா என்று அர்த்தம். பெண்டாட்டி வெளியே வந்து துணியை வீசினால்தான் இறங்கப் போவான். அக்கா புருஷன் மெர்லுக்கு மட்டும் ஒரு சுற்று போதாது. அவள் வீச வீச இன்னும் தாழ வந்து பல்லைக் காட்டுவான். பெரிய சூரப்புலி.

போன மாதம்தான் அவன் சிநேகிதன் ஆர்வில் என்பவன் இப்படிச் செத்தான். கூட வந்தவனுக்கு மூஸ் மானைக் காட்டுகிறேன் என்று அதன் தலைக்கு மேலேயே சுற்றியிருக்கிறான். கண் கீழேயே இருக்க, கை இன்னும் இன்னும் வளைத்துத் திருப்ப, வேகம் செத்து, ஒரு இறக்கை சாய்ந்து விமானம் குப்புற விழுந்தது. உயரத்தில் என்றால் சமாளித்து நிமிர்த்தியிருக்கலாம். மர உயரத்தில் அதற்கு இடம் ஏது? பிணத்தைத் தூக்கி வந்த மெர்ல் அன்று மான்கறியைச் சாப்பிட்டுக்கொண்டே, "அவனுக்குத் திருப்பத் தெரியல" என்றான். அந்தத் தட்டைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது எனக்கு.

அன்றிலிருந்து அக்கா கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள், பேசாமல்கூட இருந்து பார்த்தாள். இன்று காலை கிளம்பும்போதும் அதே பேச்சு. அவன் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, "நீ வெளிய வராட்டி நான் யாருக்குடி சுத்தப்போறேன்?" என்று சிரித்தான். பாவி, அதையே பிடித்துக்கொண்டாள்.

முதல் சுற்று போயிற்று. அக்கா அசையவில்லை. அவன் ஆற்றுப்பக்கம் போய்விடுவான் என்று நானும் நம்பினேன். போகவில்லை. இரண்டாவது சுற்று இன்னும் தாழ வந்தது. இஞ்சின் சத்தம் மட்டும் அடங்கியிருந்தது. அவளைத் தேடுவதற்காக வேகத்தைக் குறைத்திருக்கிறான்.

"ஒருதடவ தலையக் காட்டிட்டு வந்துடுக்கா. போயிடுவான்" என்றேன்.

"காட்டினா இன்னொண்ணு சுத்துவான்டி."

"காட்டலன்னாலும் சுத்துறானே."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாவது சுற்றில் சமையலறை ஜன்னல் வழியாக அவன் முகமே தெரிந்தது. முன்னால் பார்க்கவில்லை, எங்கள் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கவலைப்பட்ட முகம். அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறான், மடையன்.

அக்கா மேசை விரிப்பை உருவிக்கொண்டு ஓடினாள். முற்றத்தில் நின்று இரண்டு கையாலும் வீசி, "போ, போ" என்று கத்தினாள். மேலே அது எங்கே கேட்கும்? அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. இன்னும் நன்றாகப் பார்க்க விமானத்தை அவள் பக்கமாகச் சாய்த்தான். ஒரு இறக்கை மரநுனிகளைத் தொடுகிற மாதிரி இறங்க, மற்றது செங்குத்தாக எழுந்தது.

அக்கா வீசுவதை நிறுத்திவிட்டாள். விரிப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அவள் உடம்பு மெல்ல மெல்ல எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது, அவளே அந்த விமானத்தை நிமிர்த்துகிற மாதிரி.