சம்பந்தப்பட்டவர் கொடுக்கக் கூடாது

1

இந்தக் கதை ஒரு வக்கீலின் அறையில் பிறந்தது.

என் மனைவி இறந்த பிறகு, "கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்" என்று மகளைக் கூட்டிப்போன மாமியார் திருப்பி அனுப்பவில்லை. போன மாதம் தொலைபேசியில் மகள் என்னிடமே "யாரு பேசுறது?" என்று கேட்டாள். மறுநாள் வழக்குப் போட்டேன். சம்மனை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

"நீங்க குடுத்தா செல்லாது தம்பி," என்றார் வக்கீலம்மா. "வழக்குல சம்பந்தப்பட்டவர் குடுக்கக் கூடாது. சம்பந்தமில்லாத ஆள் யாராவது போகணும்."

"கதை எழுதுறவனுக்கும் இந்தச் சட்டம் உண்டா மேடம்?"

"இல்ல. இருந்தா நாங்க கொஞ்சம் நிம்மதியா படிப்போம்."

2

முதல் தொடக்கம்: மழை விட்ட தெருவில் கோர்ட்டுச் சேவகர் தன் சைக்கிளை

(விட்டுவிட்டேன். மழை பெய்யவில்லை. சேவகரும் இல்லை.)

போனவன் என் அலுவலக நண்பன். சம்மனோடு போனான், சம்மனோடு திரும்பினான்.

"ஏன்டா?"

"கதவத் திறந்ததுமே 'மாப்பிள்ளை ஒழுங்கா சாப்பிடுறாரா?'ன்னு கேட்டாங்க. அந்த முகத்துக்கு நேரா எப்படிடா நீட்டுறது?"

"நீ என்ன சொன்ன?"

"சாப்பிடுறான்னேன். டீ வேற குடிச்சேன்."

"நல்லா குடுத்த போ, சம்மன."

(நான் சாப்பிடுவதில்லை என்று அவனுக்குத் தெரியும். கதைக்கு இது தேவையில்லை.)

3

ஆகவே ஓர் அந்நியரை உருவாக்கினேன். நரைத்த மீசை, தேய்ந்த செருப்பு, எந்தப் பக்கமும் சாயாத முகம். மாடிப்படி ஏறும்போது மீசை காணாமல் போனது. அழைப்பு மணியை அழுத்தியபோது அவர் என் சட்டையைப் போட்டிருந்தார். எத்தனை முறை அடித்து எழுதினாலும் கதவருகே நிற்பது நான்தான்.

ஒரு முடிவு: மாமியார் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார். நீதிமன்றம் மகளை என்னிடம் தருகிறது. அந்த அம்மாள் இரண்டாவது முறையாகத் தன் பெண்ணை

இன்னொரு முடிவு: சம்மனைக் கிழித்துப் போடுகிறேன். மகள் அங்கேயே வளர்கிறாள். என் முகம் அவளுக்கு

(இரண்டையும் முடிக்க முடியவில்லை.)

4

கதவைத் திறப்பது மகள். நான்கு வயது. தலையில் ஈரத் துண்டு. வளர்ந்திருக்கிறாள். சம்மன் உறையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்கிறேன்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல்: "யாரு பாப்பா வந்திருக்கா?"

அவள் என்னைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

அந்த ஒரு சொல்லை நான் எழுதினால் செல்லாது. நீங்கள் எழுதுங்கள்.