முட்டி வெளுத்த ஜீன்ஸ்

கோப்பு அறைக் குமாஸ்தாவுக்கு ஜீன்ஸ் என்றால் உயிர். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஜீன்ஸ் பிறந்த கதையில்தான் வந்து நிற்பார். மரம்வெட்டி ஒருவனின் மனைவி, புருஷனுடைய கால்சட்டை ஓயாமல் கிழிகிறதென்று தையல்காரரிடம் போய் நின்றாளாம். அவர் பை மூலைகளில் செம்பு ரிவெட்டு ஆணி அடித்துக் கொடுத்தாராம். "உழைக்கிறவனுக்காகத் தைச்ச துணிங்க இது," என்று முடிப்பார். அதற்குள் அலுவலகத்தில் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

ஜீன்ஸ் கடை ஒன்று வருஷா வருஷம் போட்டி நடத்தியது. சலவை காணாத முரட்டு ஜீன்ஸை ஒரு வருஷம் தானே உடுத்தி, வேலையில் அது எப்படி வெளுத்திருக்கிறது என்று காட்ட வேண்டும். நாள் முழுக்க நாற்காலியைத் தேய்க்கிறவருக்கு எங்கே வெளுக்கும்? போன தடவை உட்காரும் இடம் மட்டும் வெளுத்து, அரங்கமே சிரித்தது.

இந்தத் தடவை அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் டைல்ஸ் போடுகிறவர்.

"உங்களுக்குத்தான் வாங்கினேன் அத்தான். வேலைக்குப் போட்டுக்குங்க."

பத்து வருஷத்தில் மைத்துனன் கொடுத்த முதல் பரிசு. அத்தான் தினமும் அதையே மாட்டிக்கொண்டு போனார். வருஷம் முடிந்ததும் குமாஸ்தா அதே மாதிரி புதுசு ஒன்றைக் கொடுத்து, "பழசை நான் தூக்கிப் போட்டுடறேன்," என்று வாங்கி வந்துவிட்டார்.

மேடையில் இந்த வருஷம் வந்த புது நடுவர் ஜீன்ஸை மேஜைமேல் விரித்தார். "இடது முட்டியை ஊன்றி வேலை பார்த்திருக்கீங்க. வலது பையில அளவு டேப். தொடையில கை துடைச்ச இடம், சிமெண்ட் இன்னும் போகலே. என்ன வேலைங்க?"

"டைல்ஸ் போடுறேன்," என்றார் குமாஸ்தா.

சொன்ன பிறகுதான் மூன்றாம் வரிசையில் அத்தானைப் பார்த்தார். தம்பி மேடை ஏறுகிறானென்று அக்கா அனுப்பி வைத்திருப்பாள். கைதட்டிக்கொண்டிருந்த அத்தான் பாதியில் நிறுத்தினார்.

நடுவர் கை குலுக்கினார், விடவில்லை. திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "பஞ்சு மாதிரி இருக்கே. இந்தக் கையா டைல்ஸ் போடுது?"

குமாஸ்தா கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கையுறை போட்டுக்குவாருங்க," என்று அத்தான் எழுந்தார். "எங்கூடத்தான் வேலை பார்க்கிறாரு." காய்ப்பேறிய தன் கையை உயர்த்திக் காட்டினார். அந்தக் கையை யாரும் சந்தேகப்பட முடியாது.

முதல் பரிசாகக் கோப்பை கிடைத்தது. வாசலில் அத்தான் காத்திருந்தார்.

"கேட்டிருந்தா உனக்காகவே போட்டுத் தேய்ச்சுக் குடுத்திருப்பேனே மாப்ளே. எனக்குன்னு வாங்கினதா எதுக்குச் சொன்னே? வேலை பாக்கிற இடத்துல எல்லார்கிட்டயும் நீ குடுத்ததுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

குமாஸ்தா தலை நிமிரவில்லை. கீழே அத்தானின் கால்தான் தெரிந்தது. புது ஜீன்ஸ், நீளம் அதிகமாகி மடித்துவிடப்பட்டிருந்தது.

"இதையும் அடுத்த வருஷம் திருப்பித் தரணுமா? இப்பவே சொல்லிடு. உங்க அக்கா வெட்டித் தைக்கிறேன்னு நிக்கிறா."

"வெட்டச் சொல்லுங்க அத்தான்," என்று சொல்வதற்குள் குமாஸ்தா கோப்பையை மூன்று முறை கை மாற்றிவிட்டார்.