இரண்டாவது கியரில் ஒரு பர்லாங்கு

அன்று காலை எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் இருந்தவர்கள்: வேதநாயகமாகிய நான்; என் தம்பி வில்லியம்; எங்கள் இருவருக்கும் இடையே பிறந்த பியாட்ரிஸ், கான்வெண்டில் கணக்கு ஆசிரியை; வில்லியத்துக்கு நிச்சயித்திருந்த பெண் மர்சலின்; அவள் தகப்பனார், ராயப்பேட்டை ராஜநாயகம்; அவருடைய மைத்துனர் அகஸ்டின்; மீன்கூடையோடு அவ்வழியே வந்து வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட தேசம்மா. வேறு எவரும் இல்லை.

ஆண்டு 1946. உலகச் சண்டை ஓய்ந்தும் பெட்ரோல் ரேஷன் கூப்பன் ஓயவில்லை. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னும் பின்னும் எவரும் தெருவில் கார்ப் பந்தயம் விட்டதில்லை. அன்று விட நேர்ந்ததற்குக் காரணம் இருந்தது.

எங்கள் சாந்தோம் மாதாகோவில் பங்கில் மணப்பெண் கோவிலுக்குத் தகப்பன் வீட்டு வண்டியில் வருவாள். தாலி ஏறியபின் மாப்பிள்ளை வீட்டு வண்டியில் திரும்புவாள். திரும்பும்போதும் தகப்பன் வண்டியிலேயே ஏறினால், பையன் மாமனார் வீட்டோடு போய்விட்டான் என்றுதான் பேசுவார்கள். மூன்று தலைமுறையாகப் பள்ளிக்கூடங்களில் தலைமை வகித்த குடும்பத்தைப் பற்றி அப்படி ஒரு பேச்சு எழ நான் விடுவதாக இல்லை.

ஆனால் நிச்சயத்தன்று, காப்பி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ராஜநாயகம் ஆரம்பித்தார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வண்டி கச்சேரி ரோட்டுல வந்தா லஸ்ல நாய் ஊளையிடுது. எம் பொண்ணு அதுல ஏறுனா வீடு சேர்றதுக்குள்ள கிழவி ஆயிடுவா. போறதுக்கும் வர்றதுக்கும் என் வண்டியே இருக்கட்டும்."

சபை சிரித்தது. வில்லியம் முகம் சிவந்துவிட்டது.

"எங்க வண்டி உங்க வண்டிய முந்திட்டா, மாமா?"

"முந்திட்டா நானே கதவைத் தொறந்து ஏத்தி வுடறேன், மாப்ள. முந்தலைன்னா பேச்சே கிடையாது."

பத்துப் பேர் முன்னிலையில் சொன்ன வார்த்தை. திரும்பப் பெறுவது இன்னும் பெரிய அவமானம். சம்மதித்தேன்.

அவருடையது ஆறு சிலிண்டர் அமெரிக்கக் கார். எங்களுடையது நான்கு சிலிண்டர் ஆங்கிலக் கார், அவருடையதில் பாதிதான் இருக்கும். இரண்டுக்கும் மூன்று கியர். எங்கள் வண்டி முப்பது மைல் வேகத்தைத் தொடும்போதே அலறும். வயதாகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

பியாட்ரிஸ் அப்படி நினைக்கவில்லை. "இஞ்சின்ல புகை இல்ல, எண்ணெய் குடிக்கல. அப்புறம் ஏன் கத்துது?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் நான் பூசை முடிந்து வந்தபோது, வாசலில் கோணிப்பையை விரித்து வண்டிக்கடியில் படுத்திருந்தாள். தெருவில் போகிறவர்களுக்கு அவள் கால்கள் தெரிந்தன. கேட்டைச் சாத்தினேன்.

இஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு. சக்கரத்தில் ஒரு கோடு. கியரை நியூட்ரலில் போட்டு வில்லியம் வண்டியை மெல்லத் தள்ளினான். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் தண்டு ஏறக்குறைய ஆறு சுற்றுச் சுற்றியது. கம்பெனிக் கையேட்டில் ஐந்துக்கும் குறைவு என்று போட்டிருந்தது.

"அண்ணே, இது நம்ம வண்டியோட பல்லே இல்ல!" என்றாள், முகமெல்லாம் கிரீஸோடு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குப் பதில், வண்டியின் பின்னால் கட்டிய அடுப்பில் கரி மூட்டி, அந்த வாயுவில் ஓட்டினோம். கரி வாயுவில் பலம் போதாமல் அது அடையாற்றுப் பாலத்தில் ஏறத் திணறியது. அதனால் வேகம் குறைந்தாலும் இழுவை கூடட்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் பின் அச்சில் ஒரு சரக்கு வேனின் பல்சக்கரங்களைப் போட்டார்கள். பிறகு கரி அடுப்பைக் கழற்றிப் பெட்ரோலுக்கு மாறினோம். பல்சக்கரங்களை மாற்ற எவருக்கும் தோன்றவில்லை.

"அப்ப கழட்டிடலாமா?" என்றான் வில்லியம்.

"தொட்டே, கையை ஒடிப்பேன். தூரத்துக்கு இது மட்டம். கிளம்பறதுக்கு இதுதான் ராஜா" என்றாள் பியாட்ரிஸ்.

அடுத்த ஞாயிறு அவள் கோவில் வாசலில் நின்று ராஜநாயகத்தின் கார் புறப்படுவதைக் கண்ணை மூடிக் கேட்டாள். கூப்பன் காலத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எல்லோரும் பழகிய வழக்கம் ஒன்று உண்டு: வண்டி உருளத் தொடங்கியதுமே மூன்றாவதான டாப் கியருக்குப் போய்விடுவது. ராஜநாயகம் அதில் மன்னர். கோவில் மதில் முடிவதற்குள் அவர் இஞ்சின் முணுமுணுப்பாக அடங்கிவிட்டது.

வில்லியத்துக்கும் அதே பழக்கம்தான். அவனை உட்காரவைத்து பியாட்ரிஸ் சொன்னாள்: "சத்தத்தைக் கேக்காதே, முதுகைக் கேளு. சீட்டு முதுகைத் தள்ளுற வரைக்கும் செகண்டுலயே இரு. தள்ளு நின்னாத்தான் டாப்."

தூரம் ஒரு பர்லாங்கு, அரைக்கால் மைல் போதும் என்று நாங்கள் கேட்டோம். "அரை மைல் வேணாமா? சீக்கிரம் அழுதுட்டு வீட்டுக்குப் போலாம்னு பாக்கறீங்களா?" என்று சிரித்து ஒப்புக்கொண்டார். இதில் ஒளிவு மறைவு எதுவுமில்லை.

கடற்கரையில் வெயில் ஏறியிருந்தது. மர்சலின் தகப்பன் வண்டியில் பின்சீட்டில் இருந்தாள். இறங்கச் சொன்னதற்கு ராஜநாயகம், "இவ எடையில என் வண்டி நொண்டிடுமா?" என்றார். அகஸ்டின் கைக்குட்டையை வீசுவதற்காகப் புறப்படும் இடத்தில் நின்றார். முடிவிடத்தில் நானும் பியாட்ரிஸும். பக்கத்தில் கூடையை இறக்கிய தேசம்மா.

"இன்னா நைனா, கல்யாணமா, ரேஸா?"

"இரண்டும்தான்" என்றேன்.

கைக்குட்டை விழுந்தது. இரண்டு வண்டிகளும் ஒன்றாகப் பாய்ந்தன. முதல் கியரில் பெரிய கார் ஒரு வண்டி நீளம் முன்னால் வந்தது. இரண்டாவதிலும் முன்னால்தான்.  பிறகு வழியோரச் சவுக்குத் தோப்பை எட்டுவதற்குள் அதன் உறுமல் சட்டென்று தணிந்தது. எங்கள் வண்டியின் அலறல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"ஐயோ, வெடிக்கப் போவுது!" என்று தேசம்மா காதைப் பொத்தினாள்.

"இன்னும் டாப் போடாதே, போடாதே" என்று பியாட்ரிஸ் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரிய கார் அடுப்பில் ஏற்றிய பால்போல மெதுவாகத்தான் பொங்கியது. ஓடுகிற வண்டியில் டாப்பிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினால் பல் கடகடக்கும், வேகமும் போகும். அதற்கு அவர் துணியவில்லை. எங்கள் வண்டி பக்கத்தில் வந்தது, கடந்தது. நாங்கள் நின்ற முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால்தான் வில்லியம் டாப் போட்டான். போட்ட வேகத்தில் கோட்டைத் தாண்டினான்.

"தம்மாத்தூண்டு வண்டி! இன்னாமா போவுது!" என்றாள் தேசம்மா.

ராஜநாயகம் வெகு நேரம் இறங்கவில்லை. இறங்கியதும் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பின் அச்சைப் பார்த்தார். "உள்ள இன்னா வச்சிருக்கீங்க சம்பந்தி?" என்றார். பியாட்ரிஸ் சாக்பீஸைக் கொண்டுவந்து விளக்கினாள். இருவரும் மணலில் முழங்கால் போட்டுப் பேசிக்கொண்டே இருந்தார்கள். திருமணத்தன்று கோவில் வாசலில் சொன்னபடி அவரே எங்கள் கார்க் கதவைத் திறந்து மகளை ஏற்றிவிட்டார்.

பங்கில் ஒரு பேச்சு உலவுகிறது: பின்சீட்டிலிருந்த மர்சலின் தகப்பன் தோளைத் தொட்டாள், அவர் மனம் இளகி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார், எங்களுக்கு அந்த வெற்றியைப் பிச்சையாகப் போட்டார் என்று. அது பொய். மர்சலின் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததாக அவளே சொல்கிறாள். ராஜநாயகத்தின் கால் கடைசிவரை அழுந்தியே இருந்தது. அவர் டாப் கியரை முன்னதாகப் போட்டுவிட்டார்.